பம்பளிமாஸ் மணக்கும் கசப்பு

ஜோகூரின் கூலாய்க் கடைத்தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஒரு சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்தால், குளிர்ப்பெட்டிக் கண்ணாடிக்குள் டைகர், கார்ல்ஸ்பெர்க், ஹைனகன், ஆங்கர், கின்னஸ் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவர், செனாய் தொழிற்சாலையில் பகல் வேலை முடித்தவர், சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பியவர் என்று மேசைக்கு மேசை ஆள் மாறும். புட்டி பெரிதாக மாறாது. எதைத் திறந்தாலும் கடைசி மிடறுக்குப் பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கும். அந்தக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற ஒரு கொடி. கூலாயைச் சுற்றி எத்தனையோ பயிர் வந்து போயிருக்கிறது: மிளகு, கம்பீர், பால்மரம், செம்பனை. ஹாப்ஸ் மட்டும் இந்த மண்ணுக்கு வந்ததில்லை. தானாக வரவும் வழியில்லை.

பீரின் உடம்பு முளைகட்டிய பார்லி. அதைப் புளிக்க வைப்பது ஈஸ்ட். தண்ணீர்தான் அதில் மிகப்பெரிய பங்கு. இவற்றோடு நான்காவதாகச் சேர்வது ஹாப்ஸ் கொடியின் பெண்பூ. பச்சை நிறத்தில், சிறு பைன் காய் போல இதழ் இதழாக அடுக்கிய பூங்கொத்து அது. இதழ்களின் அடியில் மஞ்சள் மாவாக ஒட்டியிருக்கும் பிசினில்தான் கசப்பும் மணமும் இருக்கின்றன. கொடி ஒரே கோடையில் ஐந்தாறு மீட்டர் ஏறும், குளிர்காலத்தில் தரையோடு மடியும், அடுத்த வசந்தத்தில் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். குடும்ப வழியில் பார்த்தால் கஞ்சாவுக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம்; ஆனால் சொந்தக்காரரின் போதைச் சரக்கு இதனிடம் இல்லை.

ஹாப்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கசப்புக்காகவே வளர்ப்பவை ஒரு பக்கம், மணத்துக்காக வளர்ப்பவை இன்னொரு பக்கம். மண வகைகளில் உலகத்தின் நாக்கையே மாற்றிய ஒன்று கேஸ்கேட். அதன் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். குடி நல்லதா கெட்டதா என்ற வழக்கு தோட்டத்துத் தமிழனுக்குப் புதிதல்ல. அதற்கும் பின்னால் வருவோம்.

பதினாறு ஆண்டு காத்திருந்த விதை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர். அங்கே அமெரிக்க வேளாண்மைத் துறை நடத்திய ஹாப்ஸ் ஆய்வுத் திட்டத்தில் 1956இல் எடுத்த ஒரு விதையிலிருந்து கேஸ்கேட் பிறந்தது. அதன் வம்சத்தில் இங்கிலாந்தின் பழைய வகையான ஃபக்கிளும் செரெப்ரியங்கா என்ற ரஷ்ய வகையும் உண்டு. மணத்தைத் தேடி யாரும் இந்தக் கலப்பைச் செய்யவில்லை. ஹாப்ஸ் தோட்டங்களைப் பாழாக்கிக்கொண்டிருந்த அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் கொடி வேண்டும் என்பதுதான் அன்றைய கவலை.

கொடி நன்றாக வளர்ந்தது. வாங்கத்தான் ஆளில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பெரிய ஆலைகளுக்கு ஜெர்மானிய ஹாப்ஸின் மென்மையான, மூலிகை கலந்த மணம்தான் தரத்தின் அளவுகோல். புதிதாக, பழத்தோல் வாசம் வீசும் ஒரு கொடியை அவர்கள் மூக்கு ஏற்கவில்லை. பிறகு ஜெர்மனியில் ஹாலர்டாவ் வட்டாரத்தின் புகழ்பெற்ற மிட்டல்ஃப்ரூ வகையை வாடல்நோய் தாக்கியது. சரக்கு குறைந்து விலை ஏறியபோது கூர்ஸ் நிறுவனம் மாற்றுக்காகக் கேஸ்கேடைக் கையில் எடுத்தது. 1972இல் அது முறைப்படி வெளியிடப்பட்டது. விதைக்கும் வெளியீட்டுக்கும் நடுவே பதினாறு ஆண்டுகள். வட அமெரிக்காவின் மேற்கு ஓரத்து மலைத்தொடரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

கூர்ஸ் அதை வேறொன்றின் இடத்தை நிரப்ப வந்த ஆளாகத்தான் பார்த்தது. அதன் சொந்தக் குரலைக் கேட்டவர்கள் சிறிய ஆலைக்காரர்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் மூடும் நிலையில் இருந்த ஆங்கர் ஆலையை வாங்கி நடத்திய ஃபிரிட்ஸ் மேடாக், 1975இல் லிபர்ட்டி ஏல் என்ற பீரை வெளியிட்டார். அதன் மணம் முழுக்கக் கேஸ்கேட். (நம்மூர்க் காப்பிக்கடையில் கிடைக்கும் ஆங்கருக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. நம் ஆங்கர், ஜெர்மானிய முதலீட்டில் 1930களில் சிங்கப்பூரில் தொடங்கிய ஆர்க்கிபெலாகோ ஆலையின் பிள்ளை. போர்க்காலத்தில் எதிரிச் சொத்தாகி டைகர்காரர்களிடம் கை மாறியது. சான்ஃபிரான்சிஸ்கோ ஆங்கர் 2023இல் கதவைச் சாத்தியது.) 1980இல் கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் கென் கிராஸ்மன், பால் கமூசி இருவரும் சியெரா நெவாடா ஆலையைத் தொடங்கி, கேஸ்கேட் மணக்கும் பேல் ஏலை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் முளைத்த சிறு ஆலைகள் பலவற்றுக்கும் அந்தப் புட்டிதான் பாடப்புத்தகம்.

சியெரா நெவாடா பேல் ஏலின் கசப்பு, பீருக்கான அனைத்துலகக் கசப்பு அலகில் (IBU), 38. நாம் குடிக்கும் வழக்கமான லாகர்கள் அதே அளவுகோலில் பெரும்பாலும் இருபதைத் தாண்டுவதில்லை. ஆனால் குடித்தவர்கள் முதலில் பேசியது கசப்பைப் பற்றி அல்ல, வாசத்தைப் பற்றி. அமெரிக்கர்கள் அதைக் கிரேப்ஃப்ரூட் என்றார்கள். நமக்கு அது பம்பளிமாஸ் தோலைக் கீறியதும் எழுகிற வாசம். கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பிள்ளைதானே.

செராய், மிளகு, மாங்காய்

கேஸ்கேடின் உலர்ந்த பூவின் எடையில் கசப்புக்கு மூலமான ஆல்பா அமிலம் 4.5 முதல் 7 விழுக்காடு. கசப்புக்கென்றே வளர்க்கும் வகைகளில் இது இரண்டு மடங்கு, அதற்கு மேலும் இருக்கும். பூவை அப்படியே கடித்தால் வருவது பச்சைக் காட்டம்தான்; பீரில் உணரும் கசப்பு கொதியில் பிறப்பது. பார்லிச் சாற்றோடு ஒரு மணி நேரம் கொதிக்கும்போது ஆல்பா அமிலத்தின் மூலக்கூறு உருமாறி, நீரில் கரையும் கசப்பாகிறது.

ஆனால் அதே கொதி மணத்தைக் கொன்றுவிடும். கேஸ்கேடின் எண்ணெயில் பாதிக்கு மேலே வரக்கூடியது மிர்சீன். ஆவியோடு ஆவியாக ஓடிவிடும் பொருள் அது. ரசம் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துக் கொத்தமல்லி தூவுகிறோமே, கொதிக்கவிட்டால் ரசம் கெட்டது என்று பாட்டிமார் திட்டுவார்களே, பீர் ஆலைக்காரரின் பாடும் அதுதான். கசப்புக்கு வேண்டிய ஹாப்ஸ் கொதியின் தொடக்கத்தில் போகிறது. மணத்துக்கு வேண்டியது கடைசி ஐந்து நிமிடத்திலோ, அடுப்பை அணைத்த பிறகோ போகிறது. இன்னொரு படி மேலே போய், சாறு ஆறிப் புளித்து பீராகிவிட்ட பிறகு தொட்டியில் ஹாப்ஸைக் கொட்டிச் சில நாள் ஊற வைப்பதும் உண்டு. சூடே காட்டாத இந்த ஊறலில்தான் கேஸ்கேட் முழு வாசத்தையும் விடுகிறது.

இந்த வாசப் பொருள்களின் பட்டியலைப் படித்தால் நம் வீட்டுக் கொல்லையைச் சுற்றி வந்தது போலிருக்கும். மிர்சீன் மாம்பழத்திலும் செராயிலும் இருக்கிறது. கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது. லினலூல் தனியாவின் உயிர். ஜெரானியால் ரோஜாவிலும் செராயிலும் உண்டு. ஈஸ்ட் அதைப் புளிக்கும்போதே இன்னொன்றாக மாற்றி எலுமிச்சை வாசம் ஏற்றுகிறது. இவை போதாதென்று கந்தகம் கலந்த சில சேர்மங்கள், கணக்கில் எடுத்தால் எள்ளளவுகூட வராதவை, பேஷன் பழ வாசத்தையும் பம்பளிமாஸ் வாசத்தையும் கொண்டுவருகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜோகூரின் செல்வமே மிளகும் கம்பீரும்தான். தெமெங்கோங் இப்ராகிமும் அவர் மகன் அபு பக்காரும் கங்சூ எனப்பட்ட சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரைகளை எழுதிக் கொடுத்து வளர்த்த பயிர்கள் அவை. அந்த மிளகின் காரவாசத்தில் ஒரு பங்கு, வடக்கே குளிர்நாட்டில் வளரும் ஒரு கொடியின் பூவிலும் இருக்கிறது. கேஸ்கேட் பீரை முதன்முதலாகக் குடிக்கும் நம் ஆட்களில் பலர் 'இதில் ஏதோ பழச்சாறு ஊற்றியிருக்கிறான்' என்பார்கள். ஒரு சொட்டும் ஊற்றவில்லை. அது பூவின் எண்ணெய் மட்டும்.

பகல் நீளவில்லை

சரி, இவ்வளவு உறவு இருக்கிறதே, கூலாயில் நட்டால் என்ன? கொடி முளைக்கும். ஓரளவு ஏறும். பிறகு நேரம் வருவதற்கு முன்பே சோம்பலாக நாலு பூ விட்டுவிட்டு நின்றுவிடும்.

மழையும் வெயிலும் இங்கே போதுமான அளவுக்கு இருக்கின்றன. சிக்கல் பகலின் நீளத்தில். கூலாய் நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகைகூட விலகியில்லை. ஆண்டு முழுவதும் இங்கே பகல் 12 மணி நேரமும் சில நிமிடங்களும்தான். ஹாப்ஸ் நீண்ட பகலில் உயரமாக ஏறும். பகல் சுருங்கத் தொடங்கும்போதுதான் பூக்கும். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கு 46 பாகையில் இருக்கிறது. ஜூன் மாதப் பகல் அங்கே ஏறக்குறைய 16 மணி நேரம். 35 பாகைக்கும் 55 பாகைக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் ஹாப்ஸ் வணிகப் பயிராகச் செழிக்கும் என்பது நெடுநாள் கணக்கு.

இந்தியாவில் அந்தக் கணக்கை மலையேறிச் சரிசெய்ய முயன்றார்கள். காஷ்மீரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹாப்ஸ் தோட்டங்கள் இருந்தன. சென்ற நூற்றாண்டின் பின்பாதியில் இமாச்சலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில், மூவாயிரம் மீட்டர் உயரத்து வயல்களில் விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். பூ நன்றாகவே வந்தது. விற்பதுதான் கடினமாகிப்போனது. ஆலைகள் வெளிநாட்டுச் சரக்கின் பக்கம் சாய, லாகூல்காரர்கள் பட்டாணிக்கும் உருளைக்கிழங்குக்கும் காலிஃபிளவருக்கும் போய்விட்டார்கள். பயிரை மண் கைவிடுவதைவிடச் சந்தை கைவிடுவது வேகமாக நடக்கும். பால்மரம் வெட்டிச் செம்பனை நட்ட ஜோகூர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பிரேசிலில் வயல் நடுவே விளக்குக் கம்பம் நட்டு, இரவில் சில மணி நேரம் வெளிச்சம் காட்டிக் கொடியை ஏமாற்றுகிறார்கள். தாய்லாந்தில் பாங்காக் அருகிலேயே கூடாரத்துக்குள் விளைய வைத்திருக்கிறார்கள். குளிர்கால உறக்கம் இல்லாமலும் ஹாப்ஸ் பூக்கும் என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆகவே ஜோகூரில் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். மின்கட்டணத்தைப் பூவின் விலையில் ஏற்றினால் யார் வாங்குவார்கள் என்பதுதான் கேள்வி. தரவு மையங்கள் இரவு பகலாக மின்சாரம் இழுக்கும் இன்றைய கூலாயில் ஒரு ஹாப்ஸ் கூடாரத்தின் விளக்குகள் பெரிய விஷயமில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உரிமத்துக்கு மனுப் போடும் நாளில் அந்த வேடிக்கை தீர்ந்துவிடும்.

கப்பலில் வந்த கசப்பு

தமிழருக்கும் ஹாப்ஸுக்கும் உள்ள தொடர்பு மணத்தில் தொடங்கவில்லை, பாதுகாப்பில் தொடங்கியது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் பீரைப் புளிப்பாக்கும் நுண்ணுயிர்கள் பலவற்றைத் தடுக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் கிழக்கே போ என்ற இடத்தில் ஆலை நடத்திய ஜார்ஜ் ஹாட்ஜ்சன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்குப் பீர் கொடுத்தார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் மாதக்கணக்கில் வரவேண்டும். வெயிலும் ஆட்டமும் தாங்க வேண்டும். அதனால் ஹாப்ஸ் கூடுதலாகப் போட்டு, பீப்பாய்க்குள்ளும் ஒரு பிடி போட்டு மூடினார்கள். பின்னாளில் இந்தியா பேல் ஏல் என்று பெயரெடுத்த வகை இது. இன்றைக்குக் கேஸ்கேடையும் அதன் தம்பிமாரையும் அள்ளிக் கொட்டிக் காய்ச்சும் அமெரிக்க ஐபிஏவின் மூதாதை மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய அந்தப் பீப்பாய்தான்.

அதைக் குடித்தவர்கள் வெள்ளைக்காரத் துரைகளும் சிப்பாய்களும். உருட்டிக் கரை சேர்த்தவர்கள் நம்மவர்கள். நீலகிரியில் எழுந்த காசில் ஆலை உட்படத் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் ஒன்றாக இணைத்தார். இன்றைய யுனைடெட் புரூவரீஸ் அப்படிப் பிறந்தது.

மலாயாவில் கதை வேறு. சஞ்சி ஒப்பந்தத்திலும் கங்காணி முறையிலும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த தமிழனுக்குத் துரை திறந்து வைத்தது கள்ளுக்கடை. பீர் அவன் கைக்கு எட்டாத விலை. சம்பளத்தின் ஒரு பகுதி கள்ளுக்கடை வழியாகவே திரும்பிப் போயிற்று. இதை எதிர்த்தவர்களும் தமிழர்களே. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. 1947இல் ஹார்வர்ட் தோட்டத்தில் போலீசாரோடு மோதல் வரை போயிற்று. பிறகு சம்சு என்ற மலிவான சாராயம் தோட்டங்களுக்குள் புகுந்தபோது பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் அதற்கெதிராகப் பேசியது. குடியின் ருசியை எழுதும்போது இந்த வரலாற்றை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

பீருக்கும் நமக்குமான நெருக்கம் கருப்பு பீரால் வந்தது. அயர்லாந்திலிருந்து தூரதேசத்துக்கு ஏற்றுமதிக்கென்றே கூடுதல் ஹாப்ஸோடு காய்ச்சிய கின்னஸ், வெப்பநாடுகளில் நிலைத்தது. 1960களின் நடுவில் சுங்கைவேயில் அதற்குச் சொந்த ஆலையே வந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உடம்பு தேற ஒரு கிளாஸ் கொடுக்கும் பழக்கம் சீனர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் இருந்தது. மருத்துவர்கள் அதை ஆதரிப்பதில்லை. தோட்டத்து முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டோடு கருப்பு பீர் படைப்பது பல இடங்களில் இன்றும் நடக்கிறது. ஊர்த்தெய்வங்களில் முனியாண்டி அளவுக்கு ஹாப்ஸ் கசப்புப் பழகிய தெய்வம் வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை.

பாலத்துக்கு அப்பால்

கேஸ்கேட் மணக்கும் பீர் கூலாய்க் காப்பிக்கடைக்கு ஏன் வருவதில்லை? முதல் காரணம் வரி. மலேசியாவில் 2016 மார்ச் முதல் பீருக்கான கலால் வரி, அதிலுள்ள சுத்தச் சாராயத்தின் லிட்டருக்கு 175 வெள்ளி என்று கணக்கிடப்படுகிறது. 2025 நவம்பர் முதல் அதற்கு மேல் இன்னொரு 10 விழுக்காடு. ஐந்து விழுக்காடு சாராயம் உள்ள 320 மில்லி டின் ஒன்றுக்குக் கலால் மட்டும் மூன்று வெள்ளிக்குச் சற்று அதிகம். ஹாப்ஸ் மணத்தைத் தாங்கும் உடம்பு வேண்டும் என்பதால் ஐபிஏக்கள் ஆறு, ஏழு விழுக்காட்டுக்குப் போகும். ஏழு விழுக்காடு டின்னுக்குக் கலாலே நாலே கால் வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. விற்பனை வரி தனி. ஒரு தட்டு நாசி லெமாக் சாப்பிடும் காசு, பூவின் வாசத்துக்கு முன்பே அரசாங்கத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்தது சட்டம். 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றிக் காய்ச்சினால் குற்றம். ஆகவே வீட்டுச் சமையலறையில் ஒரு குண்டான் வைத்துக் கேஸ்கேடைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே வளர வழியில்லை. கலிபோர்னியாவில் கிராஸ்மன் ஆலை தொடங்கும் முன் வீட்டில் காய்ச்சிக் கற்றவர்தான். அந்த நாற்றங்கால் நமக்கு இல்லை. கோலாலம்பூர்ப் பக்கம் சிறு தயாரிப்பாளர்கள் சிலர் முயல்கிறார்கள். 2017 அக்டோபரில் அங்கே நடக்கவிருந்த பீர் திருவிழாவுக்கு மாநகராட்சி அனுமதி மறுத்ததும் நினைவிருக்கலாம். முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் இதை வெறும் வணிகக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் வயது வந்தவர் தன் வீட்டுத் தேவைக்கு மாதம் 30 லிட்டர் வரை பீர் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. ஆற்றங்கரை ஓரம் 1997இல் திறந்த புரூவர்க்ஸ் முதல் இன்றைய சிறு ஆலைகள் வரை இந்தியா பேல் ஏல் பட்டியலில் இருக்கும். அங்கேயும் வரி கடுமைதான். ஆனால் சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில். கூலாயிலிருந்து விடிகாலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போகும் இளைஞர்களில் இந்த மணத்தை அறிந்தவர்கள் இருப்பது அதனால்தான். அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குச் சுங்கத்தில் தீர்வைச் சலுகை கிடையாது. மோட்டார் ஓட்டி வருபவர் குடித்துவிட்டு வரவும் கூடாது. ஆகவே அறிந்தது அங்கேயே நிற்கிறது.

கேஸ்கேடின் சொந்த நாட்டிலும் காற்று மாறிவிட்டது. 2018 வாக்கில் சிட்ரா என்ற இளைய வகை அமெரிக்கப் பரப்பளவில் அதை முந்தியது. மாம்பழமும் லைச்சியும் மணக்கும் அது இன்னும் உரத்த குரல்காரர். சிறு ஆலைகளின் விற்பனை தளர்ந்ததால் விவசாயிகள் கடந்த சில ஆண்டுகளாகப் பரப்பைக் குறைத்தும் வருகிறார்கள். எனக்குக் கேட்டால், சிட்ரா போட்ட பீர் இரண்டாவது கிளாசில் திகட்டிவிடும்; கேஸ்கேட் சாப்பாட்டோடு ஒத்துப்போகும். மீன் தலைக் கறிக்கும் வறுத்த ஆட்டுக்கறிக்கும் அந்தப் பம்பளிமாஸ் கசப்பு பொருந்துவது போல லாகரின் வெறும் குளிர்ச்சி பொருந்தாது.

ஜோகூர் பாருவின் பெரிய அங்காடி ஒன்றில், இறக்குமதி வரிசையில் எப்போதாவது ஒரு அமெரிக்கப் பேல் ஏல் கண்ணில் பட்டால், இருபத்தொன்று வயது தாண்டியவர் வாங்குமுன் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அடைத்த தேதியை. மணமே சரக்கு என்பதால் அது பழையதாகும் வேகமும் அதிகம். வெப்பம் பத்து பாகை கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்; கிள்ளான் துறைமுகக் கொள்கலனிலும் பின்னறைக் கிடங்கிலும் நம் வெயிலில் சில வாரம் கிடந்த டின்னில் பூ வாசம் போய் ஈர அட்டை வாசம்தான் மிஞ்சும். பச்சைப் புட்டியோ வெள்ளைப் புட்டியோ என்றால் இன்னும் கவனம். ஹாப்ஸின் கசப்பின் மேல் வெளிச்சம் பட்டால் முடைநாற்றம் வீசும் கந்தகச் சேர்மம் ஒன்று நிமிடக் கணக்கில் உருவாகிவிடும். வெயில் விழும் ஜன்னலோரத் தட்டில் இருப்பதை விட்டுவிட்டு, குளிர்ப்பெட்டியின் பின்வரிசையில், அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள். தேதி அடைத்து நாலு மாதத்துக்கு மேல் போயிருந்தால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், பக்கத்திலிருக்கும் டைகரை எடுத்துக்கொண்டு வருவதுதான் லாபம்.